பார்க்கலாம், எழுதிக்கொள்ளலாம், நகல் மட்டும் கிடையாது: ஸ்லோவாக்கியாவின் மருத்துவக் கோப்பு வழக்கு

கிழக்கு ஸ்லோவாக்கியாவில் எட்டுப் பெண்கள் தங்கள் சொந்த மருத்துவக் கோப்புகளின் நகலைக் கேட்டார்கள். அவர்கள் பிள்ளை பெற்ற மருத்துவமனைகள் அந்தக் கோப்புகளை வைத்திருந்தன. கேட்டது 2002இல். மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியல் சாசன நீதிமன்றம் என்று படியேறி, கடைசியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2009 ஏப்ரல் 28இல். "கே.எச். மற்றும் பிறர் எதிர் ஸ்லோவாக்கியா" என்பது வழக்கின் பெயர். பெண்களின் முழுப் பெயர்கள் வெளியே வரவில்லை. முதலெழுத்துகள் மட்டுமே இருக்கின்றன.

இந்த வழக்கில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. மருத்துவமனைகள் இந்தப் பெண்களை எல்லாக் கட்டத்திலும் முற்றாக விரட்டிவிடவில்லை. நீதிமன்றம் சொன்னபிறகு ஒரு வழி திறந்தது: வாருங்கள், கோப்பைப் பாருங்கள், வேண்டியதைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள், நகல் மட்டும் கிடையாது. கேட்பதற்கு இது நியாயமான சமரசம்போல் இருக்கிறது. நம் ஊரிலும் பலருக்குப் பழகிப்போன பேச்சு இது. இந்தச் சமரசம் ஏன் உரிமையே ஆகாது என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் படித்ததில்லை.

எட்டுப் பேரும் ரோமா இனத்தவர். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதிகளிலிருந்து கிளம்பி ஐரோப்பாவெங்கும் பரவியவர்கள் ரோமாக்கள். இன்றும் அவர்கள் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பதை யேக், துய், த்ரின் என்றுதான் எண்ணுகிறார்கள். கிழக்கு ஸ்லோவாக்கியாவில் அவர்களில் பலர் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். ஊருக்கு வெளியே சேரி என்பது என்னவென்று அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்தப் பெண்களுக்குப் பிரெஷோவ், க்ரொம்பாகி ஆகிய இரண்டு ஊர்களின் மருத்துவமனைகளில் சிசேரியன் நடந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ முயன்றும் ஒருவருக்கும் கரு தங்கவில்லை. பிரசவத்துக்கு முன்போ, வீட்டுக்கு அனுப்பும்போதோ சிலரிடம் ஏதோ தாள்களில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. வயிற்றைத் திறந்த நேரத்தில் தங்களுக்குத் தெரியாமலேயே கருத்தடை அறுவையும் செய்துவிட்டார்களோ என்ற சந்தேகம் எழுந்தது.

அந்தச் சந்தேகம் வெறும் மனப்பிரமை இல்லை. கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவில் கருத்தடை செய்துகொள்ளும் பெண்களுக்கு அரசு பணம் கொடுத்தது. அந்தக் கொள்கை ரோமாப் பெண்களையே குறிவைத்தது என்று அந்நாட்டு அதிருப்தியாளர்களின் சாசனம் 77 இயக்கம் 1978லேயே எழுதிக் கண்டித்தது. ஆட்சி மாறியது, நாடு 1993இல் இரண்டாகப் பிரிந்தது, பணம் கொடுப்பது நின்றது. அறுவைகள் நிற்கவில்லை என்று 2003 ஜனவரியில் மனித உரிமை அமைப்புகள் ஓர் அறிக்கை வெளியிட்டன. அறிக்கை எழுதியவர்கள்மீதே குற்ற வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல் அரசுத் தரப்பிலிருந்து வந்தது.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி கோப்பைத் திறப்பதுதான். அறுவை அரங்கில் என்ன செய்தார்கள் என்பது நோயாளிக்குத் தெரியாது. மயக்கத்தில் இருந்தவள் அவள். செய்தவர்களுக்குத் தெரியும், தாளுக்குத் தெரியும். செய்தவர்கள் பேசப்போவதில்லை.

பெண்கள் கோஷித்சே நகரில் இயங்கும் குடிமை, மனித உரிமை மையத்தின் வழக்கறிஞர்களுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் அதில் அனுமதி இருந்தது. வழக்கறிஞர்கள் போனார்கள். நிர்வாகம் மறுத்தது. அன்று நடைமுறையில் இருந்த 1994ஆம் ஆண்டு சுகாதாரச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நோயாளியோ அவருடைய சட்டபூர்வக் காப்பாளரோ கோப்பைப் பார்க்கலாம், அந்த இடத்திலேயே குறிப்பெடுக்கலாம் என்றது. நோயாளி தன் உரிமையை வேறொருவரிடம் ஒப்படைக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் சொன்னது. மருத்துவச் சொற்கள் புரியாத ஒரு பெண், தனியே வந்து, மருத்துவர்கள் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்பதுதான் இதற்குப் பொருள்.

வழக்குப் போட்டார்கள். 2003இல் கீழ் நீதிமன்றங்கள் பாதி உரிமையைக் கொடுத்தன. பெண்களும் அவர்களால் அதிகாரம் பெற்றவர்களும் கோப்பைப் பார்க்கலாம், கையால் குறிப்பெடுக்கலாம். நகல் எடுக்கும் கோரிக்கை தள்ளுபடி. தகவல் தவறாகப் பயன்பட்டுவிடாமல் காக்க வேண்டும் என்பது முக்கியக் காரணம். 2004இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அரசியல் சாசன நீதிமன்றமும் அந்த ஆண்டு டிசம்பரில் மனுவை ஏற்க மறுத்தது.

வழக்கறிஞர் உடன் போகலாம் என்ற அந்தப் பாதி வெற்றியை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் மறுக்கப்பட்ட பாதியில்தான் எல்லாமே இருந்தது.

ஒரு மருத்துவக் கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அது கட்டுரை இல்லை, படித்துச் சாரம் எடுக்க. காய்ச்சல் அட்டவணை, மணிவாரியாக எழுதிய ரத்த அழுத்தம், மயக்க மருந்துக் குறிப்பு, வரைபடம், ஓரத்தில் யாரோ கிறுக்கிய சுருக்கெழுத்து, அடித்துத் திருத்திய நேரம், வேறு மையில் இடைச்செருகிய ஒரு வரி, கையெழுத்து, முத்திரை. இவற்றில் பாதியைக் கையால் எழுத முடியாது. எழுதினாலும் மூலத்தில் இருந்தது எதுவோ அது வராது. பெண்கள் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னதும் இதுதான். பக்கங்கள் ஏராளம், தொழில்நுட்பத் தரவுகளும் வரைபடங்களும் நிறைந்தவை, கையால் பிரதி எடுப்பது நடவாத காரியம்.

என் பெரியம்மா சிறுநீரகக் கோளாறோடு ஓர் அரசு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள வார்டு செவிலியர் எனக்கு அனுமதி கொடுத்தார். இரக்கத்தோடுதான் கொடுத்தார், பேனாவும் அவருடையதே. நாற்பது பக்க நோட்டில் ஒன்றரை மணி நேரம் எழுதினேன். உள்ளே போன திரவம், வெளியே வந்த சிறுநீர் என்று மணிக்கணக்கில் போட்டிருந்த அட்டவணையைப் பாதியில் விட்டேன். மருந்துப் பெயர்களில் பலவற்றை எழுத்துக் கூட்டித்தான் எழுத முடிந்தது. வேறொரு மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டினேன். ஓர் எண்ணைச் சுட்டி, "இங்கே புள்ளி இருந்ததா, இல்லையா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இது நீங்கள் எழுதியது. அவர்கள் எழுதியது எங்கே?" என்றார். கோபமாக அவர் கேட்கவில்லை. என்றாலும் அந்தக் கேள்விக்கு முன்னால் என் ஒன்றரை மணி நேர உழைப்பு ஒன்றுமில்லாமல் போனது. நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் குறிப்பேட்டுக்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதே கேள்வியைத்தானே கேட்பார்?

ஸ்ட்ராஸ்பர்க் சொன்னது

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு ஒருவரின் தனிவாழ்க்கையையும் குடும்ப வாழ்க்கையையும் மதிக்கச் சொல்கிறது. பிள்ளை பெறும் ஆற்றல் தனக்கு இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்ற தகவல் இந்தப் பிரிவுக்குள் வரும் என்பதில் நீதிமன்றத்துக்குத் தயக்கமே இல்லை. கேள்வி நகலைப் பற்றியது. தன்னைப் பற்றிய கோப்பின் நகலைக் கொடுக்கச் செய்வது அரசின் கடமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. எப்படி, யார் செலவில் என்பதை அரசு முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் நகல் கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று காரணம் காட்ட வேண்டியதில்லை. மறுப்பவர்தான், மறுக்கத் தக்க வலுவான காரணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

தீர்ப்பின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது என்பேன். அதுவரை எல்லா அலுவலகங்களிலும் கேள்வி ஒரே திசையில்தான் பாய்ந்தது: உனக்கு எதற்கு? கேட்பவர் நடுங்கி நிற்பார். அந்தக் கேள்வியை மேசையின் மறுபக்கத்துக்கு இந்தத் தீர்ப்பு திருப்பிவிட்டது: நீ ஏன் தரமாட்டாய்?

தவறாகப் பயன்படும் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை. முழுக் கோப்பையும் பார்க்க அனுமதித்த பிறகு, தன்னைப் பற்றிய தகவலை ஒரு பெண் நகல் எடுப்பதால் மட்டும் எப்படித் தவறாகப் பயன்படுத்திவிட முடியும் என்று நீதிமன்றத்துக்கு விளங்கவில்லை. அந்நியர் கைக்குப் போகுமோ என்ற அச்சம் உண்மையானால், யார் யாருக்குக் கோப்பு கிடைக்கலாம் என்று சட்டத்தில் வரம்பு போடலாமே. உடையவருக்கே மறுப்பதில் என்ன பாதுகாப்பு?

நீதிமன்றத்தை அணுகும் உரிமையைச் சொல்லும் 6ஆம் பிரிவும் மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. வழக்கு தொடுத்தால் நீதிமன்றமே கோப்பை வரவழைத்துப் பார்க்குமே, நகல் எதற்கு என்று அரசு வாதாடியது. வழக்குத் தொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவே கோப்பு வேண்டும். அதை நிபுணரிடம் காட்டிக் கேட்க வேண்டும். என்ன நடந்தது என்று தெரியாமலே முதலில் வழக்குப் போடு, பிறகு தெரிந்துகொள் என்றால், ஏழைக்கு அந்த வாசல் மூடிய வாசல்தான்.

ஆளுக்கு 3,500 யூரோ இழப்பீடு, செலவுத் தொகையாக எல்லோருக்கும் சேர்த்து 8,000 யூரோ. இந்த வழக்கு கருத்தடை நடந்ததா என்பதைப் பற்றியது இல்லை என்பதால் தொகை அவ்வளவுதான். பணத்தைவிடப் பெரிய மாற்றம் தீர்ப்புக்கு முன்பே உள்நாட்டில் நடந்துவிட்டது. 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சுகாதாரச் சட்டம் நகல் எடுக்க அனுமதித்தது. எட்டில் ஏழு பேர் அந்தச் சட்டத்தின்படி நகல் பெற்றார்கள். சட்டத்தை மாற்றினால் கொடுத்துவிடக்கூடிய ஒன்றுதான் இத்தனை நாளும் பேராபத்தாகப் பேசப்பட்டது.

ஒரு கையெழுத்தின் நடுக்கம்

நகலுக்கும் குறிப்புக்கும் உள்ள தூரத்தை இன்னொரு வழக்கு காட்டுகிறது. 2011 நவம்பர் 8இல் தீர்ப்பான "வி.சி. எதிர் ஸ்லோவாக்கியா". இந்தப் பெண்ணுக்கு 2000 ஆகஸ்ட் 23 அன்று பிரெஷோவில் இரண்டாவது பிரசவத்தின்போது கருத்தடை செய்தார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவர். பிரசவ வலியின் உச்சத்தில், அடுத்த குழந்தை என்றால் நீயோ குழந்தையோ சாக நேரும் என்று பயம்காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், கருத்தடை என்ற சொல்லின் பொருளே அப்போது தனக்குத் தெரியாது என்பது அவர் தரப்பு. பிரசவப் பதிவில் "நோயாளி கருத்தடை கோருகிறார்" என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கீழே அவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து நடுங்கியிருந்தது. அவருடைய கன்னிப் பெயர் ஒரே சொல்லாக வராமல் இரண்டாக உடைந்திருந்தது. அதே கோப்பில் மருத்துவ வரலாறு என்ற தலைப்பின்கீழ், நோயாளி ரோமா இனத்தவர் என்று குறித்திருந்தார்கள்.

இப்போது அந்தப் பக்கத்தை ஒருவர் கையால் பிரதி எடுப்பதாக நினைத்துப் பாருங்கள். "நோயாளி கருத்தடை கோருகிறார். ஒப்பம்." அவ்வளவுதான் வரும். எழுதியவர் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும் அது அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும். வரிகள் தட்டச்சில் இருக்க, கையெழுத்து மட்டும் வலியில் நடுங்கியதை எந்தக் குறிப்பேடு காட்டும்? அந்த வழக்கில் இழிவான நடத்தைக்கு எதிரான 3ஆம் பிரிவும் மீறப்பட்டதாக நீதிமன்றம் கண்டு, 31,000 யூரோ இழப்பீடு விதித்தது. 2021 நவம்பரில்தான் ஸ்லோவாக்கிய அரசு இந்தக் கருத்தடைகளுக்காக மன்னிப்புக் கேட்டது.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

ஸ்லோவாக்கியா படாதபாடுபட்டு அடைந்த இடத்தில் நம் எழுத்துச் சட்டம் முன்பே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அதன் 2(ஜே) பிரிவு பார்வையிடுதல், குறிப்பெடுத்தல், சான்றளிக்கப்பட்ட நகல் பெறுதல் எல்லாவற்றையும் ஒன்றாக உரிமை என்கிறது. இதில் எதைக் கொடுப்பது என்பது அலுவலரின் விருப்பம் இல்லை. 6(2) பிரிவின்படி கேட்பவர் காரணம் சொல்லவேண்டியதில்லை. 19(5) பிரிவின்படி, மறுத்தது சரிதான் என்று மேல்முறையீட்டில் நிரூபிக்கும் பொறுப்பு மறுத்த அலுவலருடையது. ஸ்ட்ராஸ்பர்க் 2009இல் சொன்ன அதே நியாயத்தை நம் நாடாளுமன்றம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாக எழுதிவிட்டது. இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இதைவிட நேரடியாகவே இருக்கிறது. நோயாளியோ அவரிடம் அதிகாரம் பெற்ற உதவியாளரோ பதிவுகளைக் கேட்டால், கோரிக்கைக்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தொகுத்த நோயாளர் உரிமைச் சாசனமும் வீடு திரும்பிய பின் 72 மணி நேரம் என்றே சொல்கிறது. எனவே மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு முதலில் சாதாரண மனு ஒன்றை எழுதிக் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குவது நல்லது. அது நகரவில்லை என்றால் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு. அதற்கு 30 நாள். நேராகத் தகவல் உரிமைச் சட்டத்துக்கே போகிறவர்கள் 72 மணி நேர உரிமையைத் தாங்களே 30 நாளாக நீட்டிக்கொள்கிறார்கள்.

மனுவில் "சிகிச்சை விவரம் தருக" என்று எழுதினால் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையே மறுபடி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி ஆகியவற்றைச் சொல்லி, முழு கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, செவிலியர் குறிப்பு, ஒப்புதல் படிவம், ஆய்வக முடிவுகள் என்று பெயர் சொல்லி, இவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல் என்று கேட்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அதன் மதிப்பை வி.சி. வழக்கு சொல்லிவிட்டது.

குடும்பத்தாருக்காகக் கேட்பதில் சிக்கல் கூடுதல். உயிரோடு இருப்பவருக்காக என்றால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாளச் சான்றின் நகலும் போதுமானவை. இறந்தவருக்காக என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைக்க வேண்டும். பிறரின் தனிப்பட்ட தகவல் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுப்பது வழக்கம். 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கை இன்னும் அகலப்படுத்திவிட்டது. ஆகவே வாரிசாக வருபவர் மருத்துவ விதிகளையும் தன் உறவையும் முன்வைத்தே கேட்கட்டும். தாய்க்கு மார்பகப் புற்றுநோய் எந்த வயதில், எந்த வகையில் வந்தது என்பது மகளின் உடலைப் பற்றிய தகவலும்தான்.

தள்ளிப்போடக் கூடாது. அதே 2002 விதிகள், உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கின்றன. துக்கம் ஆறட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து நான்காம் ஆண்டில் போய் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவறையில் அவர்கள் தேடும் கட்டு இருப்பதில்லை.

எட்டில் ஏழு பேருக்கு நகல் கிடைத்தது என்றேன். எட்டாமவர் ஜே.எச். அவருடைய பிரசவம் க்ரொம்பாகியில் நடந்தது. அவருக்குக் கிடைத்தது அறுவை பற்றிய சுருக்கமான பதிவு மட்டுமே. அறுவையின்போது அவருக்குக் கருத்தடை செய்யப்பட்டது என்று அதில் இருந்தது. முழுக் கோப்பைக் கேட்டபோது, அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, தொலைந்ததாகக் கருதுகிறோம் என்று 2006 மே மாதம் மருத்துவமனை இயக்குநர் கடிதம் எழுதினார். கோப்பை முறையாகப் பேணாததால் மருத்துவமனை சட்டத்தை மீறியது என்று அடுத்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சகம் ஒப்புக்கொண்டது. 2002இல் நகல் கேட்டபோதே கொடுத்திருந்தால், அந்தக் கோப்பின் இன்னொரு பிரதி அவர் வழக்கறிஞரின் அலமாரியில் இருந்திருக்கும்.